கண்ணைத் திறந்தபடியே மயங்கும் நாய்

வியாசர்பாடியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எங்கள் நாய்க்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். முதலில் சதையில் ஒரு ஊசி, அப்புறம் முன்னங்கால் ரத்தக் குழாயில் இரண்டு மருந்து. இத்தனையைச் சின்ன உடம்பு தாங்குமா?"

தாங்கும். வலி தெரியாமல் இருப்பது, அசையாமல் இருப்பது, தசை தளர்வது எல்லாவற்றையும் ஒரே மருந்திடம் கேட்டால் அதை ஏராளமாக ஏற்ற வேண்டியிருக்கும். மூச்சும் இதயமும் அங்கேதான் அடிபடும். வேலையைப் பிரித்துக் கொடுத்தால் ஒவ்வொன்றும் கொஞ்சமே போதும்.

சதையில் போட்டது பெரும்பாலும் சைலசின் என்ற அமைதிப்படுத்தும் மருந்தாக இருக்கும். விழிப்பைத் தரும் நார்அட்ரினலின் சுரப்பதை அது குறைக்கும். ரத்தக் குழாயில் போவது வழக்கமாக மயக்க மருந்தான கெட்டமினும், தசையைத் தளர்த்தும் டயசிபாமும்.

இதில் கெட்டமின் வேலை செய்யும் விதம் எனக்கு அலுப்பதே இல்லை. ஒரு நரம்பணு குளுட்டமேட் என்ற செய்தி கடத்தும் வேதிப்பொருளை வெளியிட்டால், அடுத்த அணுவின் சவ்விலுள்ள என்எம்டிஏ என்ற வாசல் திறந்து கால்சியம் உள்ளே பாயும். வலிச் செய்தி வலுப்பதில் இந்த வாசலுக்குப் பெரும் பங்கு. திறந்த வாசலில்தான் கெட்டமின் நுழையும், நுழைந்து நடுவழியை அடைத்துக்கொள்ளும். வாசல் மூடினால் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். மறுபடி திறந்தால்தான் வெளியேறும். ஆகவே எந்த வாசல் அதிகம் திறக்கிறதோ அதுவே முதலில் அடைபடுகிறது. பரபரப்பான இணைப்பு எது என்று மருந்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பரபரப்பே அதற்கு வழிவிடுகிறது!

இந்த மயக்கத்தில் கண் மூடாது. "முழிச்சிட்டிருக்கே" என்று பதற வேண்டாம். கண் பார்ப்பதை மூளை உணர்வதில்லை. காயாமலிருக்கக் கண்ணுக்குக் களிம்பு போடுவார்கள். கெட்டமின் தனியாகப் போனால் தசை விறைக்கும், இதயம் வேகமெடுக்கும். விறைப்பை டயசிபாம் தளர்த்துகிறது. சைலசின் துடிப்பைக் குறைக்கும். ஆனால் கெட்டமின் தரும் வேகமும் சைலசின் தரும் மந்தமும் சரிக்குச் சரி கழிந்துவிடாது, துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். புளியந்தோப்பில் கருத்தடைக்கு வரும் தெருநாய்க்கும் இதே உடம்புதான். துடிப்பையும் ரத்தத்திலுள்ள ஆக்சிஜனையும் அளக்கும் கருவிக்கான பணம் எந்தக் கருத்தடைத் திட்டத்திலும் முதல் செலவாக இருக்க வேண்டும் என்பேன்.

வெறும் வயிற்றோடு அனுப்புவது பாவம் என்று காலையில் பிஸ்கட் ஊட்டுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சைலசின் நாய்களுக்கு வாந்தி வரவழைக்கும். மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

சைலசினுக்கு யோகிம்பின் என்ற முறிமருந்து உண்டு, கெட்டமினுக்குக் கிடையாது. அவசரப்பட்டுச் சைலசினை முறித்தால் மிச்சமிருக்கும் கெட்டமினால் நாய் விறைத்துத் துள்ளும். அதனால்தான் காத்திருக்கச் சொல்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் வெளிச்சமும் சத்தமும் குறைந்த இடத்தில் படுக்க வையுங்கள். தள்ளாட்டம் நிற்கும்வரை மாடிப்படிப் பக்கம் விடாதீர்கள்.