குக்கர் விசில் கேட்கும் தூரம்

"எங்கள் சமையலறையில் நின்றால் பின்பக்கத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கும் அக்கா வீட்டுக் குக்கர் விசில் கேட்கிறது. காரில் போனால் 3 கிலோமீட்டர். ஏன் இப்படி?" என்று சுபாங் ஜெயாவிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

பாதிப் பதில் தமிழிலேயே இருக்கிறது. ஒரே வழி வந்து நின்றுவிட்டால் முட்டுச்சந்து. மூன்று கூடினால் முச்சந்தி, நான்கு கூடினால் நாற்சந்தி. நகர ஆய்வாளர்கள் உலக வரைபடத்தைக் கணினியில் விரித்து எண்ணுவதும் இவற்றைத்தான். நாற்சந்தி மிகுந்தது பின்னிய ஊர், முட்டுச்சந்து மிகுந்தது சிதறிய ஊர்.

பினாங்கின் ஜார்ஜ்டவுன் பின்னிய ஊர். 1786-இல் பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய பின் எழுந்த பழைய பகுதியில், கிங், குயின், பினாங்கு தெருக்களை சர்ச், சைனா, மார்க்கெட் தெருக்கள் குறுக்கே வெட்டுகின்றன. மார்க்கெட் தெரு நம்மவர்களுக்குக் கடைத்தெரு.

இப்படிக் கட்டம் போட்ட ஊரில் 3 கட்டம் கிழக்கே, 3 கட்டம் தெற்கே போகவேண்டும். பின்வாங்காமல் எத்தனை வழி? ஒவ்வொரு சந்தியிலும், வடக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வரும் வழிகளைக் கூட்டி எழுதுங்கள். முதல் வரிசை முழுக்க 1. அடுத்தது 1, 2, 3, 4. அதற்கடுத்தது 1, 3, 6, 10. கடைசி வரிசை 1, 4, 10, 20. பள்ளியில் படித்த பாஸ்கல் முக்கோணம் ஒருக்களித்துப் படுத்திருக்கிறது! 20 வழிகளும் ஒரே நீளம். கிழக்கே ஒன்று, தெற்கே ஒன்று தள்ளியிருக்கும் நாற்சந்தியைத் தேர் வந்து அடைத்துக்கொண்டாலும் 12 வழிதான் போகும், 8 மிஞ்சும். ஓர் அடிகூடக் கூடுதலாக நடக்கவேண்டாம்.

சுபாங் ஜெயா இருக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கில் கதை வேறு. நம் தாத்தாக்கள் பால் மரம் வெட்டிய ரப்பர் தோட்டங்கள் துண்டுதுண்டாக வீடமைப்புக்குப் போயின. துண்டை வாங்கியவர் தம் எல்லைக்குள் மட்டும் தெரு போட்டார், பெருஞ்சாலைக்கு ஒரு வாசல் வைத்தார், வேலை முடிந்தது. இது கிளை பிரிந்து பிரிந்து நுனியில் நின்றுவிடும் மரம். ஒரு நுனியிலிருந்து பக்கத்து நுனிக்குப் போகக் கவட்டை வரை இறங்கி ஏறவேண்டும், அதற்கும் ஒரே வழி. எல்லோரும் இறங்கும் அடிமரத்தில்தான் காலை நெரிசல். பேரிங்டன்-லீ, மில்லர்ட்-பால் இருவரும் 2020-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1975 முதல் உலகின் பெரும்பகுதியில் புதுத் தெருக்கள் இப்படித் துண்டுபட்டே வருகின்றன. கட்டடத்தை இடித்துக் கட்டலாம், தெருக்கோட்டை அழிப்பது அரிது.

வீடு வாங்கும்போது தெருக்குத்து இருக்கிறதா என்று நாமும் பார்க்கிறோம், சீனர்களும் பார்க்கிறார்கள். முட்டுச்சந்து வீட்டையோ "அமைதியான இடம்" என்று கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறோம். பயப்படுவதிலும் நமக்குக் கணக்குத் தெரியவில்லை.

வாசகியின் கடிதத்தில் இன்னொரு செய்தியும் இருந்தது. பின்சுவரில் யாரோ நாலு கல்லைப் பெயர்த்துச் சாக்கடைமேல் ஒரு பலகை போட்டிருக்கிறார்களாம். மரத்தில் எந்த இரு நுனிகளை இணைத்தாலும் ஒரு வளையம் பிறக்கும், அந்தப் பலகை அதைத்தான் செய்திருக்கிறது. மழை பெய்தால் வழுக்குகிறது என்று, பிடித்துக்கொள்ள அக்கா ஒரு கயிறு கட்டியிருக்கிறாராம்.