கிட்டார் நெக்கில் விளக்குப் பதிக்குமுன்

மண்டப விளக்குகளை அணைத்துவிட்டு மேடையில் வாசிக்கும் வழக்கம் பரவியதிலிருந்து, நெக் என்ற கழுத்துப் பகுதியில், பிரெட் எனப்படும் குறுக்கு உலோகப் பட்டிகளுக்கு நடுவே நீலமும் சிவப்புமாக ஒளிரும் கிட்டார்மீது கொழும்பு இளைஞர்களுக்கு ஆசை கூடியிருக்கிறது. அந்த ஆசையில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. இருட்டில் ஏழாம் பிரெட் எங்கே என்று தடுமாறுபவருக்கு அது அலங்காரம் மட்டும் அல்ல, தேவையும்தான். கலிபோர்னியாவின் அலெம்பிக் நிறுவனம் 1970களிலேயே பேஸ் கிட்டார்களின் நெக் ஓரத்தில் இடம் காட்டும் புள்ளிகளில் எல்.இ.டி. பதித்துக் கொடுத்தது. என் கவலை வேறு. காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு, வீட்டு மேசையில் வைத்து ட்ரில்லாலும் உளியாலும் நெக்கைக் குடைகிறார்கள். பிறகு அந்த நெக் என்னைப் போன்ற பழுதுபார்ப்பவர்களிடம் வந்து சேர்கிறது. பல நெக்குகள் பழையபடி திரும்பிப் போவதில்லை.

நெக் என்ன வேலை செய்கிறது என்று முதலில் பார்ப்போம். மின்கிட்டாருக்கு வழக்கமாகப் போடும் பத்தாம் இலக்கக் கம்பிகளைச் சரியான சுருதிக்கு ஏற்றினால், ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 45 கிலோ இழுவையை நெக்கின்மீது வைக்கின்றன. உருக்குக் கம்பி போட்ட அக்கூஸ்டிக் கிட்டாரில் அது 70 கிலோவையும் தொடும். ஒரு சீமெந்து மூட்டை 50 கிலோ. இரவு பகலாக அதற்கு ஈடான பாரத்தைத் தாங்கிக்கொண்டு, ஒரு மில்லிமீட்டரின் பத்தில் சில பங்குக்கு மேல் வளையாமல் இருக்க வேண்டிய மரம் அது. தடிமனோ முதல் பிரெட் பக்கத்தில் 20 மில்லிமீட்டர் அளவுதான். மரத்தின் விறைப்பு தடிமனோடு நேர்விகிதத்தில் குறைவதில்லை. முழு அகலத்திலும் 20 மில்லிமீட்டரை 16 ஆக்கினால் விறைப்பு பாதியாகிவிடும்.

பின்மரம் பெரும்பாலும் மேப்பிள் அல்லது மஹோகனி. அதன்மேல் ரோஸ்வூட்டிலோ கருங்காலியிலோ செய்த பிரெட் பலகை ஒட்டப்பட்டிருக்கும். (கருங்காலி நம் காட்டு மரம்தான். ஆனால் பாதுகாக்கப்பட்ட மரம் என்பதால், பலகை பாழானால் மரக்காலைக்குப் போய் நினைத்தவுடன் இன்னொன்று வாங்கிவிட முடியாது.) இரண்டுக்கும் இடையில், நெக்கின் நடுக்கோட்டு வழியே, ட்ரஸ் ரொட் என்ற உருக்குத் தண்டு ஓடுகிறது. கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய தேடியஸ் மெக்ஹியூ 1923 இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது. கம்பி முன்னோக்கி இழுப்பதற்கு எதிராக நெக்கைப் பின்னோக்கி இழுத்துப் பிடிப்பது அதன் வேலை. நுனியில் இருக்கும் நட்டைத் திருப்பி அந்தப் பிடியைக் கூட்டிக் குறைக்கலாம்.

வீட்டில் துளைப்பவர் கவனிக்கத் தவறுவது இங்கேதான். மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது ஆகிய பிரெட்டுகளில் இருக்கும் வட்டப் புள்ளிகள் பலகையின் நடுக்கோட்டில் அமைந்தவை. அதாவது, ட்ரஸ் ரொட்டின் நேர் மேலே. வெள்ளைப் புள்ளியைத் தோண்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் எல்.இ.டி. வைப்பது எல்லாருக்கும் இயல்பாகத் தோன்றும் வழி. பலகையின் தடிமன் நடுவில் சுமார் 6 மில்லிமீட்டர்தான். புள்ளி அதில் 2 மில்லிமீட்டர்கூட இறங்கியிராது. சாதாரண 3 மில்லிமீட்டர் எல்.இ.டி.யின் உடல் உயரமோ 5 மில்லிமீட்டருக்கு மேல். அதன் இரண்டு கால்களுக்கும் இடம் தேடி இன்னும் கொஞ்சம் இறக்கினால் பலகை முடிந்துவிடும்.

அப்படித் துளைத்த நெக்கை டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தால், துளையின் அடியில் மரத்தூளுக்கு நடுவே உருக்கு மினுங்குவது தெரியும். எல்.இ.டி.யின் இரண்டு கால்களும் அதைத் தொட்டால் ஷோர்ட் ஆகி விளக்கு எரியாது. உடனே பலரும் செய்வது துளைக்குள் சுப்பர் குளூ விடுவது. தண்ணீர் போன்ற அந்தப் பசை மயிரிழை இடைவெளியிலும் ஓடும். தண்டைச் சுற்றி ஓடி, நட்டு ஏறும் திருகு மறை இருக்கும் இடம்வரை போய் இறுகிவிட்டால் அதன்பின் ட்ரஸ் ரொட் திரும்பாது. பலங்கொண்டு திருப்பினால் நட்டு உடையும். ட்ரஸ் ரொட் செயலிழந்த நெக்கைச் சீராக்குவதற்குப் பிரெட் பலகையையே சூடுகாட்டிக் கழற்ற வேண்டும். விலை குறைந்த கிட்டாருக்கு அந்தக் கூலி கட்டுப்படியாகாது என்பதைப் பெற்றோரிடம் சொல்லும்போது எனக்கே மனம் கஷ்டப்படுகிறது.

வயர் கொண்டுபோவதற்காகப் பலகையின் மேற்புறத்தில் நீளவாக்கில் வாய்க்கால் வெட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பிரெட் ஒவ்வொன்றும் பலகையில் குறுக்கே அறுத்த வெட்டுக்குள் கால் இறக்கி, மரத்தின் இறுக்கத்தால் நிற்கிறது. வாய்க்கால் அந்த வெட்டுகளையெல்லாம் ஊடறுத்துப் போனால் பிரெட்டின் நடுப்பகுதிக்குப் பிடிமானம் போய்விடும். முதலில் ஒரு பிரெட் லேசாகத் தூக்கும், அந்த இடத்தில் கம்பி சலசலக்கும். "அண்ணா, கம்பிதான் பிழை போலிருக்கிறது, மாற்றித் தாருங்கள்" என்று வரும் தம்பிமாருக்கு, பிழை கம்பியில் இல்லை என்று பிரெட்டை நகத்தால் அசைத்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

தொழிற்சாலையில் இந்த வேலை சரியாக அமைவதற்குக் காரணம், பலகையை ஒட்டுவதற்கு முன்பே விளக்கும் வயரும் திட்டமிட்டுப் பதிக்கப்படுவதுதான். வெட்டும் இடம், ஆழம், ட்ரஸ் ரொட்டிலிருந்து விட வேண்டிய தூரம் எல்லாம் அப்போதே கணக்கில் வந்துவிடும். ஒட்டி முடித்து, பிரெட் போட்டு, கம்பி ஏற்றிய நெக்கில் அதே வேலையை மேலிருந்து செய்வது முற்றிலும் வேறு விஷயம்.

கொழும்பின் காற்றையும் நினைக்க வேண்டும். ஆண்டு முழுவதும் ஈரப்பதன் உயர்ந்தே இருக்கும் ஊர் இது. வெள்ளவத்தையில் கடற்காற்று வீசும் வீட்டிலிருந்து குளிரூட்டிய ஹோட்டல் மண்டபத்துக்குப் போய்த் திரும்பும் கிட்டார், ஒரே நாளில் ஈரத்தை உறிஞ்சவும் வேண்டும், இழக்கவும் வேண்டும். மரம் அதற்கேற்ப உப்பிச் சுருங்கும். வாய்க்காலை நிரப்பிய எபொக்சி அப்படி அசையாது. சில மாதங்களில் வாய்க்காலின் விளிம்பு நெடுக வெடிப்புக் கோடு தெரியத் தொடங்கும். ஈயம் பற்றவைத்த இடங்களில் பிளக்ஸை, அதாவது ஈயம் பிடிப்பதற்காகத் தடவும் பொருளை, துடைக்காமல் மூடியிருந்தால் செம்பு வயர் பச்சை பூத்துவிடும். உள்ளே புதைத்த விளக்குகளில் ஒன்று அணைந்தால் திரும்பவும் தோண்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

ரோஸ்வூட் தூள் தோலையும் மூச்சுக்குழாயையும் உறுத்தும். சிலருக்கு ஒவ்வாமையும் வரும். தொடர்மாடி வீட்டு அறையில், கதவை மூடிக்கொண்டு, முகக்கவசம் இல்லாமல் அந்த மரத்தைத் தேய்க்காதீர்கள்.

மரம் பாழானால் இன்னொரு நெக் வாங்கலாம். மின்சாரம் அப்படியல்ல. பற்றரி அடிக்கடி தீர்ந்துபோகிறது என்று, விளக்குகளைச் சுவர் மின்னிலிருந்து மலிவான அடாப்டர் வழியே எரியவிடுகிறவர்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மின்கிட்டாரின் கம்பிகள், உடலில் அவற்றைத் தாங்கும் பிரிட்ஜ் என்ற உலோகப் பாகம் வழியாக ஆம்ப்ளிபயரின் எர்த்தோடு இணைந்தவை. விளக்கின் எதிர்முனையும் அதே இடத்தில் இணைக்கப்பட்டு, அடாப்டரின் உள்காப்பு பழுதானால், 230 வோல்ட் நேராகக் கம்பிக்கு வரும். எர்த் சரியாக இருந்தால் ட்ரிப் சுவிட்ச் விழுந்து உயிர் தப்பும். நம் வீடுகளில் எர்த் துளைக்குள் பேனாவை நுழைத்துத் திறந்து, இரண்டு கால் பிளக்கைச் செருகுவது எவ்வளவு சாதாரணம் என்று உங்களுக்கே தெரியும். அப்படிச் செருகிய ஆம்ப்ளிபயருக்கு எர்த்தே கிடையாது. வாசிப்பவர் ஒரு கையில் கம்பியைப் பிடித்தபடி உதட்டை மைக்கில் வைத்தால், மின்னோட்டம் அவர் உடல் வழியாகத்தான் போகும். யார்ட்பேர்ட்ஸ் என்ற ஆங்கிலேய ரொக் குழுவில் பாடிய கீத் ரெல்ஃப், 1976 இல் தன் வீட்டில் எர்த் சரியில்லாத மின்கிட்டாரை வாசித்துக்கொண்டிருந்தபோது இறந்தார். 1972 இல் வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகர மேடையில் லெஸ்லி ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு உயிரிழந்தார். இருவரும் அனுபவம் மிகுந்த கலைஞர்கள்.

ஆகவே விளக்குக்குப் பற்றரி மட்டும்தான். 9 வோல்ட் பற்றரியில் ஒரு நீல எல்.இ.டி.யை எரிய வைக்க 1,200 ஓம் தடை போதும். 5 மில்லிஅம்பியரில் இருட்டுக்குத் தேவையான வெளிச்சம் தாராளமாகக் கிடைக்கும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் விற்கும் நிறம் மாறும் பட்டி விளக்குகளைக் கிட்டாரில் ஒட்ட வேண்டாம். அவை நொடிக்குப் பல நூறு தடவை அணைந்து எரிந்தே பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்கின்றன. அந்தத் துடிப்பை, கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பிக்கப் பிடித்து, ஆம்ப்ளிபயரில் ஓயாத இரைச்சலாக்கிவிடும். லித்தியம் பற்றரியை நெக்குக்குள் ஒட்டி மூடுவது இன்னும் ஆபத்து. ஊதினாலும் சூடேறினாலும் அதை வெளியே எடுக்க வழியிருக்காது.

நாணயம் போன்ற பொத்தான் பற்றரி வைத்த சின்ன விளக்குகளும் கடைகளில் கிடைக்கின்றன. வீட்டில் சிறு குழந்தை இருந்தால், பற்றரி மூடியைத் திருகாணியால் பூட்ட முடியாத எதையும் கிட்டாரில் பொருத்தாதீர்கள். விழுங்கிய பொத்தான் பற்றரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே கடுமையாகச் சுட்டுவிடும். சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். அம்பியூலன்ஸ் இலக்கம் 1990.

அப்படியானால் என்னதான் செய்யலாம்? வாசிப்பவர் உண்மையில் பார்ப்பது நெக்கின் முகத்தை அல்ல, தன் பக்கம் இருக்கும் ஓரத்தை. அங்கே ஏற்கெனவே சின்னப் புள்ளிகள் இருக்கின்றன. வெளிச்சத்தை உள்வாங்கி இருளில் உமிழும் 2 மில்லிமீட்டர் புள்ளிகளை அவற்றின் இடத்தில் வைக்கலாம். 3 மில்லிமீட்டர் ஆழம் போதும், நடுவில் இருக்கும் ட்ரஸ் ரொட்டுக்குக் கிட்டவும் போகாது. வயரும் இல்லை, பற்றரியும் இல்லை. மேடை ஏறுமுன் டோர்ச்சால் சிறிது நேரம் வெளிச்சம் காட்டினால் ஒளிரும். என்னிடம் கேட்கும் எல்லாருக்கும் முதலில் இதைத்தான் சொல்கிறேன். தேவாலயக் குழுவிலோ பாடசாலைக் குழுவிலோ வாசிப்பவருக்கு இதற்குமேல் எதுவும் தேவைப்படாது.

பார்ப்பவர்களுக்காகத்தான் விளக்கு என்றால் நெக்கை விட்டுவிடுங்கள். திடமரத்தில் செய்த மின்கிட்டாரின் உடலில் குழிகளும், பிக்கார்ட் என்ற மேற்தகடும் இருக்கின்றன. விளக்குக்கும் பற்றரிப் பெட்டிக்கும் அங்கே இடமுண்டு, கம்பியின் இழுவையைத் தாங்கும் பகுதிக்கு எந்தச் சேதமும் வராது. கிட்டாரைத் தோளில் மாட்டும் வாரிலும் வைக்கலாம். நெக்கிலேயே வேண்டும் என்று பிடிவாதமாக நிற்பவர், நான்கு திருகாணியால் பூட்டும் வகைக் கிட்டாராக இருந்தால், விளக்கோடு செய்த இன்னொரு நெக்கை வாங்கிப் பூட்டி, பழையதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும். ஒட்டிய நெக்கில் அந்த வசதி இல்லை. நைலோன் கம்பிக் கிட்டார்கள் பலவற்றில் ட்ரஸ் ரொட்டே கிடையாது, அவற்றை வெட்ட நினைக்கவே வேண்டாம்.

ஏற்கெனவே துளைத்துவிட்டவர்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். சுருதி ஏற்றிய நிலையில் தடித்த கம்பியை முதல் பிரெட்டிலும் கடைசிப் பிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். ஏழாம், எட்டாம் பிரெட் அருகே கம்பிக்கும் பிரெட்டுக்கும் இடையில் ஒரு விசிட்டிங் கார்ட் நுழையும் அளவு, ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர், இடைவெளி இருந்தால் பயமில்லை. அதைவிடக் கூடுதலாக இருந்து, நாளுக்கு நாள் பெருகினால் நெக் வளைந்துகொண்டிருக்கிறது. முதலில் பற்றரியைக் கழற்றுங்கள். கம்பிகள் ஆறையும் கொஞ்சம் கொஞ்சமாக, சமமாகத் தளர்த்துங்கள். ட்ரஸ் ரொட்டைத் திருப்பிப் பார்க்காதீர்கள், இன்னும் பசை விடாதீர்கள். தோண்டி எடுத்த புள்ளிகளையும் மரத்துண்டுகளையும் ஒரு பைக்குள் போட்டு வையுங்கள், சில்லு என்று எறிந்ததைத்தான் பல நேரம் திரும்பப் பொருத்த வேண்டிவரும். பழுதுபார்ப்பவர் முதலில் கேட்கப்போவது துளை எவ்வளவு ஆழம், என்ன பசை விட்டீர்கள் என்பதைத்தான். ஆகவே பசைக் குப்பியையும் கையோடு எடுத்து வாருங்கள்.