தங்கத்தைத் தண்ணீரில் எடை போட்டால்

அடகுக் கடையில் நகையை நீட்டினால் கடைக்காரர் கை முதலில் போவது உரைகல்லுக்குத்தான். கறுப்புக் கல்லில் நகையை ஓர் இழுப்பு. பக்கத்திலேயே, மாற்று (தங்கத்தின் சுத்தம்) தெரிந்த தங்கத்தால் இன்னொரு கோடு. இரண்டின் நிறத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஒரு சொட்டு நைட்ரிக் அமிலம் விடுவார். செம்பும் வெள்ளியும் அதில் கரையும், தங்கம் கரையாது. பழகிய கண்ணுக்கு இதுவே நிறையச் சொல்லிவிடும். ஆனால் உரைகல் பார்ப்பது நகையின் தோலை மட்டும்தான். முலாம் கனமாக இருந்தால் உள்ளே இருப்பது என்ன என்று அதற்குத் தெரியாது.

உள்ளே இருப்பதைச் சொல்லும் குணம் அடர்த்தி. மூக்குத்தி அளவானாலும் ஒரு கிலோ கட்டியானாலும் சுத்தத் தங்கம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம்தான். வெள்ளி 10.5, செம்பு 9-க்குச் சற்றுக் குறைவு. 916 நகையில் செம்போ வெள்ளியோ கலந்திருப்பதால் அது 17.6 முதல் 18 வரை இருக்கும்.

இதை வீட்டிலேயே அளக்கலாம். 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். இரண்டு பவுன், அதாவது 16 கிராம் வளையலை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க மூழ்கும்படி பிடியுங்கள். தண்ணீர் வளையலை மேலே தள்ளும், வளையல் அதே விசையால் தண்ணீரைக் கீழே தள்ளும். தராசு காட்டுவது விலகிய தண்ணீரின் எடை. ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீர் ஒரு கிராம் என்பதால் அந்த எண்ணே வளையலின் கனஅளவு, 16-ஐ அதால் வகுத்தால் அடர்த்தி. 916 என்றால் சுமார் 0.9 கிராம் காட்டும். முலாம் பூசிய பித்தளை என்றால் 1.9-ஐ ஒட்டி வரும். கல் பதித்தது, அரக்கு அடைத்தது, உள்ளே காற்று நிற்கும் குழல் நகை ஆகியவற்றுக்கு இந்தக் கணக்கு சரிவராது.

ஆர்க்கிமிடீஸ் கதை எல்லோருக்கும் தெரியும். தொட்டித் தண்ணீர் வழிந்ததைப் பார்த்து மன்னனின் கிரீடத்தில் வெள்ளி கலந்திருப்பதைக் கண்டுபிடித்தாராம். கணக்குப் போட்டுப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது. ஒரு கிலோ கிரீடத்தில் 300 கிராம் வெள்ளி கலந்தாலும் கனஅளவு 13 கன சென்டிமீட்டர்தான் கூடும். 20 சென்டிமீட்டர் அகலப் பாத்திரத்தில் நீர்மட்டம் அரை மில்லிமீட்டர்கூட ஏறாது. 22 வயது கலிலியோவுக்கும் அந்த வழி கரடுமுரடாகத்தான் பட்டது. தண்ணீருக்குள் எடை போடும் நுட்பமான தராசு ஒன்றை 1586-ல் அவர் விவரித்து எழுதினார். நம் டம்ளர் சோதனைக்கு அடியில் இருப்பதும் அதே தத்துவம்தான்.

அடர்த்தி எங்கிருந்து வருகிறது? அணு எவ்வளவு கனம், அணுக்கள் எவ்வளவு நெருக்கம் என்ற இரண்டிலிருந்தும். ஈயத்தின் அணு தங்க அணுவைவிடக் கனமானது. ஆனாலும் ஈயத்தின் அடர்த்தி 11.3-தான், ஏனென்றால் அதன் அணுக்கள் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருக்கின்றன. டங்ஸ்டன் என்ற உலோகம் இதற்கு நேர் எதிர். அணு தங்கத்தைவிட இலேசு, ஆனால் நெருக்கம் அதிகம். இரண்டையும் பெருக்கினால் 19.25 வருகிறது! தங்கத்துக்கு அவ்வளவு பக்கத்தில்.

மோசடிக்காரர்களுக்கு இது போதும். டங்ஸ்டன் கட்டிக்கு மேல் தங்கம் போர்த்திவிட்டால் உரைகல்லும் ஏமாறும், தண்ணீர்த் தராசும் ஏமாறும். நகையில் இந்த வேலை எளிதல்ல. டங்ஸ்டன் கடினமானது, வளைத்தால் உடையும். உருக்குவதற்கு 3,400 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், தங்கத்துக்கோ 1,064 போதும். அதனால் இந்தப் பயம் பெரும்பாலும் தங்கக் கட்டிகளுக்குத்தான்.

அங்கே கைகொடுப்பது ஒலி. ஒரு திடப்பொருளில் ஒலியின் வேகத்தை அடர்த்தியோடு சேர்ந்து அதன் விறைப்பும் தீர்மானிக்கிறது. அடர்த்தி ஒன்றாக இருந்தாலும் டங்ஸ்டன் தங்கத்தைவிட ஐந்து மடங்கு விறைப்பானது. தங்கத்தில் நொடிக்குச் சுமார் 3,240 மீட்டர் போகும் ஒலி, டங்ஸ்டனில் 5,200 மீட்டர் போகும். மீயொலித் தடிமன்மானியில் தங்கத்தின் வேகத்தைப் பதிந்து, 10 மில்லிமீட்டர் கட்டியின் மேல் வைக்கிறார்கள். ஒலி அடிவரை போய்த் திரும்பும் நேரத்தைக் கருவி தடிமனாக மாற்றிக் காட்டும். நல்ல தங்கம் என்றால் 10. இரு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் தங்கமும் நடுவில் டங்ஸ்டனும் என்றால் ஒலி சீக்கிரமே திரும்பிவிடும், கருவி சுமார் 7 என்று காட்டும்.