ஆய்வுக் கட்டுரை ஆய்வகக் குறிப்பேட்டில் தொடங்குகிறது

முதுகலை நுண்ணுயிரியல் மாணவர்களின் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துத் திருத்துவது என் அன்றாடப் பணிகளுள் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர், மூலிகைச் சாறு ஒன்றின் பாக்டீரியா எதிர்ப்புத் திறனைப் பற்றிய கட்டுரையைக் கொண்டுவந்தார். பாக்டீரியா பரப்பிய தட்டில் சாறு ஏற்றிய காகித வட்டை வைத்தால், சாறு வேலை செய்யும்போது வட்டைச் சுற்றிப் பாக்டீரியா வளராத வளையம் ஒன்று தோன்றும். வட்டையும் சேர்த்து அளக்கப்படும் அதன் விட்டமே தடுப்பு வளையத்தின் அளவு. ஈ.கோலை பாக்டீரியாவுக்கு எதிரான தடுப்பு வளையம் 6 மி.மீ. என்றும், இது மிதமான செயல்திறன் என்றும் அட்டவணையில் எழுதியிருந்தார். அவர் பயன்படுத்திய காகித வட்டின் விட்டமே 6 மி.மீ. தான். வட்டின் விளிம்புவரை பாக்டீரியா வளர்ந்திருந்தது, சாறு எதையும் தடுக்கவில்லை என்பதே அந்த எண்ணின் பொருள். அவருடைய குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தேன். சோதனை நடந்த நாளன்று, "வளையம் இல்லை" என்று அவரே தெளிவாகக் குறித்து வைத்திருந்தார். தட்டச்சு செய்தபோது வேறொரு கட்டுரையின் அட்டவணையை மாதிரியாக வைத்துக்கொண்டதால், இல்லாத செயல்திறன் உள்ளே வந்துவிட்டது.

அவருக்கு ஏமாற்றும் எண்ணம் இல்லை. குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டுப் பிறர் கட்டுரைகளைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத உட்காரும் எல்லோருக்கும் நேரக்கூடியதுதான் இது. ஆகவே, முன்னுரையிலிருந்து தொடங்க வேண்டாம் என்று என் மாணவர்களிடம் கண்டிப்பாகச் சொல்வேன். செய்முறைப் பகுதியைச் சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே எழுத வேண்டும். அடுத்து அட்டவணைகளையும் வரைபடங்களையும் குறிப்பேட்டிலிருந்து நேரடியாக உருவாக்கி, அவற்றைப் பார்த்து முடிவுகளையும், அதன்பின் விவாதத்தையும் எழுதலாம். முன்னுரை, சுருக்கம், தலைப்பு ஆகியவை கடைசியில் வந்தால் போதும். என்ன கண்டறிந்தோம் என்பது உறுதியான பிறகே முன்னுரையில் எதைச் சொல்வது என்பது விளங்கும்.

செய்முறைப் பகுதியில்தான் பெரும்பாலான கட்டுரைகள் தடுமாறுகின்றன. "இலைகள் உலர்த்தப்பட்டுச் சாறு எடுக்கப்பட்டது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். நிழலில் உலர்த்தினீர்களா, வெயிலிலா, எத்தனை நாள்? எத்தனை கிராம் பொடிக்கு எத்தனை மில்லிலிட்டர் எத்தனால்? ஒவ்வொரு வட்டிலும் எத்தனை மைக்ரோகிராம் சாறு? தாவரத்தின் பெயரிலேயே சிக்கல் உண்டு. நம் ஊர் வயல் வரப்புகளில் கீழாநெல்லி என்று பறிக்கப்படுவது பெரும்பாலும் ஃபில்லாந்தஸ் அமாரஸ் என்ற இனம். ஆனால் அமெரிக்கக் கண்டத்துக்குரிய ஃபில்லாந்தஸ் நிரூரி என்ற பெயரில் அது எத்தனையோ கட்டுரைகளில் பதிவாகியிருக்கிறது. தாவரவியலாளர் ஒருவரைக் கொண்டு இனத்தை உறுதிசெய்து, உலர் மாதிரியை உலர்தாவரகத்தில் (உலர்த்திய தாவர மாதிரிகளைப் பாதுகாக்கும் இடம்) ஒப்படைத்து, அதன் பதிவு எண்ணைக் கட்டுரையில் குறிப்பிடுவது ஒரு நாள் வேலைதான். அதைச் செய்யாவிட்டால் மற்ற உழைப்பெல்லாம் எந்தச் செடியைப் பற்றியது என்றே தெரியாமல் போகும்.

முடிவுகளை எழுதும்போது, மும்முறை செய்யப்பட்டது என்ற சொல்லை மிகவும் கவனமாகக் கையாள வேண்டும். ஒரே நாளில், ஒரே சாற்றை, ஒரே பாக்டீரியா வளர்ப்பிலிருந்து மூன்று தட்டுகளில் வைத்தால், அந்த மூன்று எண்களும் நம் கை எவ்வளவு சீராக இயங்கியது என்பதை மட்டுமே காட்டும். தனித்தனி நாள்களில், புதிதாக வளர்த்த பாக்டீரியாவைக் கொண்டு திரும்பச் செய்தால்தான் முடிவு நிலைக்கிறதா என்பது தெரியும். இரண்டில் எதைச் செய்தோம் என்று கட்டுரை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சாறு வேலை செய்யவில்லை என்றாலும் அதுவும் முடிவுதான். அதை மறைக்க வேண்டியதில்லை.

கருத்துத் திருட்டைப் பற்றிப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் ஒழுங்குமுறை வகுத்தது. பிறர் எழுத்துடன் ஒற்றுமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை, 60 விழுக்காட்டைத் தாண்டினால் ஆய்வேடு எழுதும் மாணவரின் பதிவே ரத்தாகும். மாணவர்களோ அந்தப் பத்தை ஒரு சலுகையாக எடுத்துக்கொண்டு, வாக்கியங்களில் சொற்களை மாற்றிப்போட்டு எண்ணைக் குறைக்கிறார்கள். ஒற்றுமையைக் கணக்கிடும் மென்பொருள் சொற்களைத்தான் ஒப்பிடுகிறது. பிறருடைய கருத்தைப் பெயர் சொல்லாமல் எடுத்தாண்டால் அதன் கண்ணில் படாமலே போகலாம், ஆனாலும் அது திருட்டுதான். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் தரும் மேற்கோள்களிலும் இல்லவே இல்லாத கட்டுரைகள் கலந்திருக்கின்றன. மூலக் கட்டுரையைத் திறந்து படிக்காமல் எதையும் மேற்கோளாகச் சேர்க்காதீர்கள்.

பணம் கட்டினால் மூன்றே நாளில் வெளியிடுகிறோம் என்று வரும் வாட்ஸ்அப் செய்திகளை நம்ப வேண்டாம். பத்திரிகையாளர் ஜான் போஹானன், லைக்கன் என்ற, பாசியும் பூஞ்சையும் இணைந்து வாழும் உயிரியிலிருந்து எடுத்த மூலக்கூறு புற்றுநோய்ச் செல்களைத் தடுப்பதாக ஒரு போலிக் கட்டுரை தயாரித்து, 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் அதை ஏற்றுக்கொண்டன. இந்தச் சோதனையைப் பற்றி அவர் எழுதியதை 2013இல் சயின்ஸ் இதழ் வெளியிட்டது. அந்தப் போலிக் கட்டுரையில் அவர் வேண்டுமென்றே வைத்த பிழைகளுள் ஒன்று, மூலக்கூறைக் கரைத்த ஆல்கஹால் கலந்த கரைசலை ஒப்பீட்டுச் செல்களுக்குக் கொடுக்காமல் விட்டது. கரைப்பானை மட்டும் ஏற்றிய வட்டு ஒன்றைத் தட்டில் வைக்க மறக்கும் மாணவர்கள் செய்வதும் இதே பிழையைத்தான்.

கட்டுரையை அனுப்புமுன் அதன் செய்முறைப் பகுதியை மட்டும் அச்செடுத்து, அந்த ஆய்வில் பங்கேற்காத இளைய மாணவர் ஒருவரிடம் கொடுத்து, இதைப் படித்து மட்டுமே சோதனையைச் செய்ய முடியுமா என்று கேட்கச் சொல்கிறேன். சென்ற முறை முதலாண்டு மாணவி ஒருவர் தாளின் ஓரத்தில் ஏழு கேள்விகளைப் பென்சிலால் எழுதித் திருப்பித் தந்தார். அவற்றுள் ஐந்துக்குக் குறிப்பேட்டில் விடை இருந்தது. மற்ற இரண்டுக்காகச் சோதனையை மீண்டும் செய்த பிறகே கட்டுரையை அனுப்பினோம்.