வீட்டுக்குள் வந்த கேமராவும் தரவுப் பாதுகாப்புச் சட்டமும்: உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?

அம்மா தனியாக இருக்கும் வீட்டில் ஒரு வைஃபை கேமரா போட்டோம். அவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. ஒருநாள் குளியலறை வாசலில் வழுக்கி விழுந்து, பக்கத்து வீட்டு அக்கா பால் கொடுக்க வரும்வரை அப்படியே கிடந்திருக்கிறார். அதற்கப்புறம் கேமரா வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சே எழவில்லை. மாட்ட வந்த தம்பி அரைமணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டு, ‘உங்க போனுக்கு ஷேர் பண்ணிட்டேன் அண்ணே, எங்கிருந்தாலும் பார்க்கலாம்’ என்றார்.

மூன்று வாரம் கழித்துத்தான் அந்த ‘ஷேர்’ எனக்கு உறைத்தது. கணக்கு அவருடைய செல்பேசி எண்ணில் தொடங்கப்பட்டிருந்தது. எனக்கு வந்தது பார்க்கும் அனுமதி மட்டும். அம்மா கூடத்தில் சாப்பிடுவதும், தலை உலர்த்துவதும், தரையில் பாய் விரித்துப் படுப்பதும் முன்பின் தெரியாத ஒருவரின் செல்பேசியில் திறந்து கிடந்தன. அவர் பார்த்தார் என்று நான் சொல்லவில்லை. கேட்டதும் மன்னிப்புக் கேட்டு, கணக்கை மாற்றியும் கொடுத்தார். வேலை சீக்கிரம் முடிய எல்லா வீட்டிலும் இப்படித்தான் செய்வாராம். அந்த ‘எல்லா வீட்டிலும்’ என்ற சொல்தான் என்னைத் தூங்கவிடவில்லை. கேமரா, ஸ்மார்ட் டிவி, பேச்சைக் கேட்டுப் பாட்டுப் போடும் ஸ்பீக்கர், தானாகப் பெருக்கும் ரோபோ என்று வீட்டுக்குள் வந்துவிட்ட கருவிகள் எடுத்துச் செல்லும் தகவல் மீது நமக்குச் சட்டப்படி என்ன பிடி இருக்கிறது என்று தேடிப் படித்தேன். படித்ததைச் சொல்கிறேன்.

எது நடைமுறையில் இருக்கிறது, எது இனிமேல்தான்

முதன்மையான சட்டம், 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தார்கள். ஆறு ஆண்டு கழித்து வந்த சட்டம் இது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தது 2023 ஆகஸ்ட் 11 அன்று. ஆனால் விதிகள் வர இன்னும் இரண்டு ஆண்டுக்கு மேல் ஆனது. 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. அவையும் ஒரே நாளில் உயிர்பெறவில்லை. தரவுப் பாதுகாப்பு வாரியத்தை அமைக்கும் பகுதி உடனே நடைமுறைக்கு வந்தது. நமக்கு உரிமை தரும் பகுதிகளும் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் பகுதிகளும் அறிவித்த நாளிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது அந்த அட்டவணைப்படி 2027 மே மாத நடுவில் நடைமுறைக்கு வரும்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. ‘புதுச் சட்டம் வந்துவிட்டது, எல்லாம் பத்திரம்’ என்று ஒரு பேச்சு ஓடுகிறது. அந்தத் தேதி வரும்வரை நமக்குத் துணை பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டமும் குற்றவியல் சட்டமும்தான்.

தமிழில் கேட்கும் உரிமை

புதிய சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒப்புதல் பற்றியது. ஒரு கருவியின் செயலியைத் திறந்ததும் நீண்ட ஆங்கில அறிக்கை ஒன்று வருகிறது. கீழே ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தான். நாம் எல்லோரும் படிக்காமல் அழுத்துகிறோம். இந்தப் பகுதி நடைமுறைக்கு வந்ததும் அப்படிக் கேட்டு வாங்கும் ஒப்புதல் செல்லாது. என்ன தகவலை எடுக்கிறோம், எதற்காக எடுக்கிறோம், ஒப்புதலை எப்படித் திரும்பப் பெறலாம், வாரியத்திடம் எப்படிப் புகார் செய்யலாம் என்பதை எளிய நடையில், மற்ற நிபந்தனைகளோடு கலக்காமல் தனியாகச் சொல்ல வேண்டும். அதை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் நாம் விரும்பும் மொழியிலோ படிக்க வழி செய்ய வேண்டும். அந்த 22இல் தமிழ் இருக்கிறது. என் அம்மா தினமும் நாளிதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பவர். அவரைப் படமெடுக்கும் கருவி அவருக்குப் புரியும் மொழியில் பேச வேண்டும் என்று சட்டமே சொல்வது சிறிய விஷயம் இல்லை.

இன்னொன்று. சேவைக்குத் தேவையான தகவலுக்கு மட்டுமே ஒப்புதல் செல்லும். சட்டத்திலேயே ஒரு எடுத்துக்காட்டு இருக்கிறது: தொலைவழி மருத்துவச் செயலி ஒன்று, மருத்துவ ஆலோசனைக்கும் போனில் உள்ள தொடர்பு எண்களைப் பார்ப்பதற்கும் சேர்த்து அனுமதி கேட்கிறது, ஒரு பெண் இரண்டுக்கும் சரி என்கிறார். ஆலோசனை சொல்லத் தொடர்பு எண்கள் தேவையில்லை என்பதால், அவர் சரி என்று சொல்லியிருந்தாலும் அந்தப் பகுதிக்கு ஒப்புதல் இல்லை என்றே ஆகும். இதை அப்படியே வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். பல்பை எரிய வைக்கும் செயலிக்கு உங்கள் தொடர்பு எண்கள் எதற்கு? ஏசியை அணைக்கும் செயலிக்கு மைக் எதற்கு?

கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறுவதும், கொடுத்த அளவுக்கு எளிதாக இருக்க வேண்டும். ஒரு தட்டலில் வாங்கியதை, பத்துப் படிவம் நிரப்பித்தான் விடுவிப்பேன் என்று சொல்ல முடியாது. திரும்பப் பெற்றதும் தகவலை அழிக்க வேண்டும். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அரசின் குறிப்பிட்ட தேவைகளுக்காகத் தரவையும் பதிவேடுகளையும் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று விதிகளே சொல்கின்றன. ஆகவே ‘அழித்துவிட்டோம்’ என்றால் அந்தக் கணமே எல்லாம் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அரசு தான் அறிவிக்கும் சில அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கவும் சட்டம் இடம் தருகிறது. இந்த இரண்டும் எனக்கு உறுத்தலாகவே இருக்கின்றன.

இவை தவிர, நம் தகவலில் எது நிறுவனத்திடம் இருக்கிறது, அதை யாருக்குக் கொடுத்தது என்று கேட்டுப் பெறலாம்; தவறைத் திருத்தச் சொல்லலாம்; நமக்குப் பின் இந்த உரிமைகளைப் பயன்படுத்த ஒருவரை நியமிக்கலாம். நம் குறைக்கு நிறுவனம் 90 நாளுக்குள் தீர்வு சொல்ல வேண்டும். இந்தியாவில் பொருளோ சேவையோ விற்கும் வெளிநாட்டு நிறுவனங்களையும் இந்தச் சட்டம் கட்டுப்படுத்தும். கருவிகளில் பெரும்பாலானவற்றின் சர்வர் எங்கோ இருப்பதால் இது முக்கியம்.

குழந்தைகள் விஷயத்தில் சட்டம் கண்டிப்பானது. 18 வயதுக்கு உட்பட்ட எல்லோரும் குழந்தைகளே. பெற்றோரின் ஒப்புதலைச் சரிபார்த்துத்தான் வாங்க வேண்டும். அவர்களின் நடத்தையைப் பின்தொடரக் கூடாது, அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது. பேசும் பொம்மைகளுக்கு இது பொருந்தும். ‘மை ஃபிரெண்ட் கைலா’ என்ற பேசும் பொம்மையை, மறைமுக ஒட்டுக்கேட்புக் கருவி என்று சொல்லி ஜெர்மனி 2017இலேயே தடை செய்தது.

வெறும் பயமா இது?

இல்லை. அமெரிக்காவில் ரிங் கேமரா நிறுவனத்தின் ஊழியர்கள், வாடிக்கையாளர்களின் வீட்டுக்குள் எடுத்த அந்தரங்க வீடியோக்களைப் பார்த்தார்கள் என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2023இல் வழக்குத் தொடுத்தது. நிறுவனம் 58 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அலெக்சாவில் பதிவான குழந்தைகளின் குரலை அழிக்காமல் வைத்திருந்ததாகச் சொன்ன வழக்கில் அமேசான் 2.5 கோடி டாலர் கட்டியது. விசியோ என்ற டிவி நிறுவனம், 1.1 கோடி டிவிகளில் திரையில் ஓடுவதை நொடிக்கு நொடி குறித்து எடுத்து விற்றதற்காக 2017இல் 22 லட்சம் டாலர் கட்டியது. திரையில் ஓடுவதை அடையாளம் காணும் அந்தத் தொழில்நுட்பம் இன்றைய ஸ்மார்ட் டிவிகளிலும் இருக்கிறது. செட்டிங்ஸில் ‘பார்வைத் தகவல்’ என்பது போன்ற பெயரில் இருக்கும், அணைத்துவிடலாம்.

நம் நாட்டில், 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் சிசிடிவி பதிவுகள் வெளியே போயின. பெண்களைப் பரிசோதிக்கும் காட்சிகளை யூடியூபில் காட்டி, டெலிகிராமில் விலைபேசி விற்றார்கள். அது மருத்துவமனை என்றாலும் கேமரா நம் வீட்டில் இருப்பது போன்றதுதான்.

கேமராவுக்கு மட்டும் ஏற்கெனவே ஒரு விதி

சிசிடிவி கேமராவுக்கு மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் தனி விதி கொண்டு வந்தது. 2024 ஏப்ரலில் அறிவித்து, 2025 ஏப்ரல் 9 முதல் கட்டாயமாக்கியது. கேமராவின் வன்பொருளையும் மென்பொருளையும் அரசு ஏற்ற ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். காட்சி போகும் வழி, இடையில் யாரும் பார்க்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறதா, யார் நுழையலாம் என்பதற்குக் கட்டுப்பாடு உண்டா, பாதுகாப்பு அப்டேட் வருமா என்றெல்லாம் பார்ப்பார்கள். இதில் தேறி, இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் பதிவு வாங்கிய பிறகே விற்க முடியும்.

வாங்கும்போது பெட்டியில் ஆர் என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவு எண்ணைப் பாருங்கள். ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அதை அடித்தால் யாருக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்த எண் என்று தெரியும். ஆனால் இந்தப் பதிவு எண் முறை பாதுகாப்புச் சோதனை வருவதற்கு முன்பே இருந்தது. எண்ணை மட்டும் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். மத்திய அரசின் சோதனை, தரச்சான்று அமைப்பான எஸ்டிகியூசியின் சோதனைச் சான்று இந்த மாடலுக்கு உண்டா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். 800 ரூபாய்க்கு ஆன்லைனில் பெயர் தெரியாத கேமரா வாங்குகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.

ஸ்பீக்கருக்கும் பல்புக்கும் பொம்மைக்கும் இப்படிக் கட்டாயச் சோதனை இல்லை. தொலைத்தொடர்புப் பொறியியல் மையம் 2021இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. எல்லாக் கருவிக்கும் ஒரே பாஸ்வேர்ட் வைக்காதே என்பதுதான் அதன் முதல் விதி. ஆனால் அது அறிவுரை மட்டும். பிரிட்டனில் இதே விஷயம் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டம். இங்கும் ஆக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சட்டம் எட்டாத இடங்கள்

தனிமனிதர் தன் சொந்த, வீட்டுத் தேவைக்காகத் தகவலைக் கையாண்டால் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. உங்கள் வீட்டில் நீங்கள் போட்ட கேமராவை வைத்து உங்கள் மீது இந்தச் சட்டப்படி யாரும் வர முடியாது. அதேபோல, எதிர்வீட்டுக்காரர் கேமராவை உங்கள் வாசல் பக்கம் திருப்பி வைத்திருந்தாலும் இந்தச் சட்டம் உதவாது. அதற்கு வேறு வழி உண்டு. ஒரே வீட்டில் வசித்த சகோதரர்களின் வழக்கில், கூட இருப்பவரின் சம்மதம் இல்லாமல் வீட்டுக்குள் கேமரா வைப்பது அந்தரங்க உரிமையை மீறுவது என்று 2025 பிப்ரவரியில் கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. கூட்டுக்குடும்பங்களும் வாடகைக்கு ஆள் வைத்திருப்பவர்களும் இதை மனதில் வைக்க வேண்டும். வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் கேமரா இருப்பதைச் சொல்லுங்கள்.

இன்னொரு ஏமாற்றம் பணம். பாதுகாப்பில் கோட்டை விட்ட நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். கசிவை மறைத்தால் 200 கோடி வரை. கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் அந்தப் பணம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்கு ஒரு ரூபாயும் இல்லை. இழப்பீடு கேட்க வழி தந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் புதிய சட்டம் நீக்குகிறது. அந்த நீக்கம் நடைமுறைக்கு வரும்வரை, கடவுச்சொல், வங்கி, உடல்நலம், கைரேகை போன்ற தகவல் கசிந்து நஷ்டம் அடைந்தவர்கள், 5 கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டுக்கு மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலரிடம் மனுச் செய்யலாம். தமிழ்நாட்டில் பலருக்கு இந்த வாசல் இருப்பதே தெரியாது.

இப்போதே யாரிடம் போவது

ஒருவருடைய அந்தரங்கப் படத்தைச் சம்மதமின்றி எடுத்தாலோ அனுப்பினாலோ தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை. அந்தரங்கமான நிலையில் இருக்கும் பெண்ணைத் திருட்டுத்தனமாகப் படமெடுத்தால், குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவில் முதல் முறையே குறைந்தது ஓராண்டு சிறை. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ பக்கத்துக் காவல் நிலையத்திலோ புகார் கொடுக்கலாம். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற உதவி எண்ணை அழையுங்கள். பதிவுகளை அழிக்காமல், ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதி, நேரத்தோடு வையுங்கள்.

நிறுவனத்தைப் பொறுத்தவரை, 2027க்குப் பிறகும் நேரே வாரியத்துக்குப் போக முடியாது. முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதியாக வேண்டும். வாரியம் முழுக்க ஆன்லைனில் இயங்கும். அதன் முடிவு பிடிக்காவிட்டால் தொலைத்தொடர்புத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். பொய்ப் புகார் கொடுத்தால் நமக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

அம்மாவின் கேமராவுக்காக நான் எழுதிய கடிதத்தின் வாசகம் இது. கட்டாயமாகப் பதில் சொல்ல வேண்டிய நாள் வராவிட்டாலும் அனுப்பி வைத்தேன். வேண்டுமானால் பெயரையும் எண்ணையும் மாற்றிப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்:

‘இந்தக் கணக்கோடு இணைந்த கேமராவிலிருந்து நீங்கள் எடுக்கும் தகவல் எவை, எந்த நாட்டில் வைத்திருக்கிறீர்கள், யாருக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்பதைத் தமிழில் தெரிவியுங்கள். இதற்கு முன் இந்தக் கேமரா வேறொரு செல்பேசி எண்ணில் பதிவாகியிருந்தது. அந்த எண்ணுக்கு இப்போது எந்த அனுமதியும் இல்லை என்று உறுதி செய்யுங்கள். அந்த மூன்று வாரத்தில் யார், எப்போது நேரலையைத் திறந்தார்கள் என்ற பதிவேட்டின் நகலும் வேண்டும்.’