ரூட்டின் ஃபைலை மாணவர் அழித்தது எப்படி?

கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "லினக்ஸ் சர்வரில் என் ஹோம் ஃபோல்டருக்குள் ரூட்டுக்கு (முழு அதிகாரமுள்ள நிர்வாகிப் பயனருக்கு) சொந்தமான ஒரு ஃபைல் கிடந்தது. திறக்கப் பார்த்தால் 'பெர்மிஷன் டினைடு'. சும்மா 'ஆர்எம்' என்ற அழிக்கும் கட்டளையைக் கொடுத்தேன். நிஜமாகவே அழிக்கவா என்று ஒரு தடவை கேட்டது, 'ஒய்' தட்டினேன், போய்விட்டது. படிக்கக்கூட விடாத ஃபைலை அழிக்க மட்டும் எப்படி விட்டது? சர்வரில் ஓட்டையா?"

ஓட்டை இல்லை. லினக்ஸுக்கு முன்மாதிரியான யூனிக்ஸில் எனக்கு மிகப் பிடித்த இடமே இதுதான்.

பெர்மிஷன் எண்கள் பலருக்கும் தெரிந்திருக்கும். படிக்க 4, எழுத 2, இயக்க 1. உரிமையாளர், குழு, மற்றவர் என மூவருக்கும் தனித்தனியே கூட்டிப் போட்டால் 640, 755 என்று வரும். ரூட் என்பது பயனர் எண் 0. அந்த எண்ணைக் கண்டால் இயங்குதளத்தின் மையமான கெர்னல் இந்தச் சோதனைகளில் பெரும்பாலானவற்றைச் செய்வதே இல்லை.

இனி ஃபோல்டருக்கு வருவோம். ஃபோல்டரை ஃபைல்கள் போட்டு வைக்கும் பெட்டி என்றே நினைத்துப் பழகிவிட்டோம். உண்மையில் அது ஒரு பதிவேடு. ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர், பக்கத்தில் ஒரு எண், அவ்வளவுதான். அந்த எண் காட்டும் இடத்துக்கு ஐநோடு என்று பெயர். ஃபைலின் உரிமையாளர், பெர்மிஷன், அளவு, டிஸ்க்கில் அது இருக்கும் இடம் எல்லாம் ஐநோடில் இருக்கும். ஃபைலின் பெயர் மட்டும் அங்கே இருக்காது.

ஆக, அழிப்பது என்றால் பதிவேட்டில் ஒரு வரியை அடிப்பது. வருகைப்பதிவேட்டில் ஒரு பையன் பெயரை அடிக்க, பதிவேடு ஆசிரியர் கையில் இருந்தால் போதும். பையனைக் கேட்க வேண்டியதில்லை. ஹோம் ஃபோல்டர் என்ற பதிவேடு அந்த மாணவருடையது. ஃபைல் ரூட்டுடையதாக இருந்தாலும் வரி அவருடைய ஏட்டில்தான் இருந்தது.

எந்த ஏட்டிலும் பெயர் இல்லை, எந்த புரோகிராமும் திறந்து வைத்திருக்கவில்லை என்ற நிலை வந்த பிறகே டிஸ்க்கில் இடம் காலியாகும். நான் பார்த்துக்கொண்ட சர்வர் ஒன்றில் டிஸ்க் நிரம்பிவிட்டதென்று பெரிய லாக் ஃபைலை அழித்தேன். பெயர் போனது, இடம் வரவில்லை. அதில் எழுதிக்கொண்டிருந்த புரோகிராமை நிறுத்தி மறுபடி ஓட்டிய பிறகுதான் வந்தது.

பதிவேடு என்று பார்த்தால் ஃபோல்டரின் மூன்று அனுமதிகளும் தாமாகவே விளங்கும். படிக்கும் அனுமதி, பெயர்களைப் பார்க்க. எழுதும் அனுமதி, வரி சேர்க்கவும் அடிக்கவும். இயக்கும் அனுமதி, பெயரைப் பிடித்து ஐநோடு வரை போக. இது இல்லாமல் எழுதும் அனுமதியும் பயன்படாது. படிக்க மட்டும் விட்ட ஃபோல்டரில் 'எல்எஸ் -எல்' என்ற பட்டியல் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள்: பெயர்கள் வரும், அளவும் தேதியும் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள் நிற்கும். இயக்க மட்டும் விட்டால் நேர்மாறு. பட்டியல் வராது; பெயர் தெரிந்தவர் நேரே போய்விடலாம்.

எல்லோரும் எழுதும் 'டெம்ப்' ஃபோல்டரில் ஒருவர் ஃபைலை இன்னொருவர் அழித்துவிடுவாரே? அதனால்தான் அதற்கு 1777. முன்னால் நிற்கும் அந்த 1, ஸ்டிக்கி பிட். அது இருந்தால் ஃபைலின் சொந்தக்காரர், ஃபோல்டரின் சொந்தக்காரர், ரூட் தவிர வேறு யாரும் வரியை அடிக்க முடியாது.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். எது வேலை செய்யாவிட்டாலும் 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) போடு என்பது நம் கணினி அறைகளில் தாயத்துக் கட்டுவது போலப் பரவியிருக்கிறது. காரணம் தெரியாமல் கட்டும் எந்தக் கயிற்றையும் நான் ஏற்பதில்லை. ஹோம் ஃபோல்டருக்கு 777 போட்டால், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சில் சாவி வழியாக உள்ளே வருவதே வழக்கமாக நின்றுபோகும். யார் வேண்டுமானாலும் வரி மாற்றக்கூடிய ஏட்டில் இருக்கும் சாவியை எஸ்எஸ்எச் நம்பாது.

கேட்ட மாணவருக்கு ஒரு சோதனை. ரூட் அதிகாரத்தில் கட்டளையை ஓட்டும் 'சூடோ' போட்டு உங்கள் ஹோமில் ரூட்டுக்குச் சொந்தமான ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அதற்குள் ஒரு ஃபைலும் வையுங்கள். இப்போது சூடோ இல்லாமல் அழித்துப் பாருங்கள், முடியாது. உள்ளே இருக்கும் ஏடு ரூட்டுடையது. ஆனால் அதே ஃபோல்டரின் பெயரை மாற்றிப் பாருங்கள், மாறும். அந்தப் பெயர் எழுதியிருப்பது உங்கள் ஏட்டில்.