ஜோக்கர் வர்றதுக்கு முன்னாடியே ஏன் வயித்தைப் பிசையுது?

ஜோக்கர் வில்லனா வர்ற பேட்மேன் படம் தி டார்க் நைட் ஆரம்பிச்சு ரெண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது, ரோட்டோரமா ஒருத்தன் நமக்கு முதுகைக் காட்டிட்டு நிப்பான், கையில ஒரு கோமாளி முகமூடி தொங்கிட்டு இருக்கும். அவன் ஒண்ணுமே பண்ணல, கார் வரட்டும்னு நிக்கிறான், அவ்ளோதான். ஆனா பின்னாடி ஒரு சத்தம், காதுகிட்ட கொசு வர்ற மாதிரி மெலிசா ஆரம்பிச்சு ஏறிக்கிட்டே போகும், எனக்கு அங்கேயே வயித்தைப் பிசைய ஆரம்பிச்சிடும். இந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தேன்னு எண்ணிக்கை இல்ல, இன்னும் அதே கதைதான்.

2006-ல ஜோக்கரா ஹீத் லெட்ஜர் நடிக்கிறார்னு அறிவிச்சப்போ அமெரிக்க ரசிகர்கள் நிறைய பேரு கொதிச்சுப் போனாங்க, காதல் படத்துல நடிச்ச பையன், இவனுக்கு எதுக்கு இந்த ரோல்னு. 2008 ஜனவரில அவரு 28 வயசுல இறந்துட்டாரு, ஜூலைல படம் வந்துச்சு, திட்டினவங்களே தியேட்டர்ல ஜோக்கருக்குக் கைதட்டினாங்க. 2009-ல அவரோட ஆஸ்காரை குடும்பத்துக்காரங்க மேடையேறி வாங்கினாங்க. நடிப்பு பிரமாதம், அதுல எவனுக்கும் சந்தேகம் இல்ல. ஆனா என் கேள்வி வேற. பேட்மேன் மேல வராத ஒரு பதட்டம் இந்த ஆள் மேல மட்டும் எப்படி வருது?

நம்ம மூளைக்கு ஒரு வேலை இருக்கு, அடுத்து என்ன நடக்கும்னு முன்கூட்டியே கணக்குப் போட்டுட்டே இருக்கும். மாடிப்படி இறங்கும்போது இன்னொரு படி இருக்குன்னு நினைச்சுக் காலை வச்சு, அங்க படி இல்லாம தரை வந்துச்சுன்னா தூக்கிவாரிப் போடுதே, அந்தக் கணக்கு தப்பினதாலதான். படம் முழுக்க ஜோக்கர் இந்தக் கணக்கைத்தான் கெடுத்துட்டே இருக்கான். வாய் கிழிஞ்ச தழும்பு எப்படி வந்துச்சுன்னு ஒரு ரவுடிகிட்ட அப்பாவை வச்சு ஒரு கதை சொல்றான், பாவமா இருக்கும். கொஞ்ச நேரம் கழிச்சு பேட்மேனோட தோழி ரேச்சல்கிட்ட பொண்டாட்டியை வச்சு வேற கதை சொல்றான். அந்த இடத்துல நமக்குக் கால் கீழ தரை போயிடும். காசுக்காகப் பண்றான்னு நினைச்சா மலை மாதிரி அடுக்கின காசுக்கு நெருப்பு வைக்கிறான்.

இதுக்கு ஒரு அருமையான ஆராய்ச்சி இருக்கு. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ்ல பண்ணது, 2016-ல வெளியாச்சு. 45 பேரை உக்கார வச்சு கம்ப்யூட்டர்ல ஒரு கேம், கல்லைக் காட்டி அதுக்கடியில பாம்பு இருக்கா இல்லையான்னு ஊகிக்கச் சொல்றாங்க, பாம்பு இருந்தா கையில நிஜமாவே கரண்ட் ஷாக். வேர்வை, கண்ணோட பாப்பா எவ்ளோ விரியுது, எல்லாத்தையும் அளந்தாங்க. நிச்சயமா ஷாக் அடிக்கும்னு தெரிஞ்சப்போதான் டென்ஷன் உச்சத்துல இருக்கும்னு நாம நினைப்போம், ஆனா அடிக்குமா அடிக்காதான்னு 50 சதவீதத்துல தொங்கினப்போதான் உச்சம். அடிக்கும்னு உறுதியா தெரிஞ்சவன் அதைவிட நிம்மதியா இருந்தான். படத்துல வர்ற வக்கீல் ஹார்வி டென்ட், எதிர்ல இருக்கிறவனைக் கொல்றதா விடுறதான்னு காசு சுண்டிப் போடுற சீன்ல நம்ம நிலைமையும் அதேதான், பூவா தலையா, சரியா 50 சதவீதம்.

சரி, பத்தாவது தடவை பார்க்கும்போது கதை மனப்பாடம், தழும்புக் கதை எதையும் நம்ப முடியாதுன்னு தெரியும், ஜோக்கர் மேஜைல நட்டு வச்சு வித்தை காட்டுற பென்சில் எங்க போகும்னு தெரியும். அப்புறமும் ஏன் பிசையுது? இங்கதான் அந்தச் சத்தம் வருது.

ஜோக்கரோட தீம் இசைன்னு பார்த்தா பெரிய ட்யூன் கிடையாது, ஹான்ஸ் ஸிம்மர் கிட்டத்தட்ட ஒரே ஒரு ஸ்வரத்தை செல்லோவுல, அதாவது பெரிய வயலின் மாதிரி ஒரு வாத்தியத்துல, இழுத்து வச்சிருக்காரு, கம்பி அறுந்துடுமோன்னு தோணுற அளவுக்கு. கம்பி வாத்தியங்களை ரேஸர் பிளேடால உரசிப் பார்த்தும் சத்தம் எடுத்திருக்காங்க. கம்பியை அளவுக்கு மீறி வதைச்சா சத்தம் சுத்தமா வராது, கரகரன்னு உடையும். பயத்துல அலறும்போது நம்ம தொண்டைக்கும் அதேதான் ஆகுது. மிருகங்களுக்கும்தான். மர்மோட்னு அணில் குடும்பத்துல ஒரு பிராணி, அதோட குட்டிங்க மாட்டிக்கிட்டா அலறும், அதைப் பல வருஷமா ஆராய்ஞ்ச டேனியல் ப்ளூம்ஸ்டீன் 2010-ல 102 சினிமாக்களோட ஒலியைப் பிரிச்சுப் பார்த்தாரு, பேய்ப் படங்கள்ல இந்த மாதிரி உடைஞ்ச கரகர சத்தம் தூக்கலா இருந்துச்சு. 2015-ல இன்னொரு ஆராய்ச்சி. நாம சாதாரணமா பேசும்போது சத்தம் செகண்டுக்கு நாலஞ்சு தடவைதான் ஏறி இறங்கும், அலறல்ல அது 30-லேர்ந்து 150 தடவை வரைக்கும் துடிக்குது, அந்தத் துடிப்பு மூளைல பயத்தைக் கவனிச்சுக்கிற அமிக்டலாவைக் கிளறி விடுது. அலாரம் சத்தத்துலயும் இதே துடிப்புதான் இருக்கு. உனக்குக் கதை தெரியுமா தெரியாதான்னு அமிக்டலா கேட்டுக்கிட்டு இருக்காது. நீங்க எத்தனாவது ஷோ பார்த்தாலும் அதுக்கு இது ஃபர்ஸ்ட் டே ஃபர்ஸ்ட் ஷோதான்.

இன்னொரு விளையாட்டும் இருக்கு, இது பேட்மேனோட பைக்ல. சத்தத்தை வடிவமைச்ச ரிச்சர்ட் கிங் அதுல ஷெப்பர்ட் டோன்னு ஒரு வித்தையைக் கலந்திருக்காரு, ரோஜர் ஷெப்பர்ட்னு ஒரு உளவியல்காரர் 1964-ல வெளியிட்டது. மந்தர ஸ்தாயி, மத்திய ஸ்தாயி, தார ஸ்தாயி, அதாவது கீழ, நடுவுல, மேலன்னு மூணு பேரு ஒரே ஸ்வரத்தைப் பாடிட்டு ஒண்ணா மேல ஏறுறாங்கன்னு வச்சுக்கோங்க. உச்சத்துல இருக்கிறவர் மெல்லக் குரலைக் குறைச்சுட்டே மறையுறாரு, அதே நேரம் அடியில ஒருத்தர் நைசா சேர்ந்துக்கிறாரு, திரும்ப எல்லாரும் ஏறுறாங்க. எஸ்கலேட்டர்ல மேல படி மறைய மறைய கீழ புதுசா முளைக்குதே அந்த மாதிரி. காதுக்கு ஆள் மாறினது தெரியாது, சுருதி ஏறிக்கிட்டே இருக்குன்னுதான் கேக்கும், ஆனா எங்கயும் போய்ச் சேராது. அதான் அந்த பைக் கியரே மாத்தாம வேகம் எடுத்துட்டே போற மாதிரி ஒரு ஃபீல். மூளையோ இப்போ உச்சம் வந்துடும் இப்போ வந்துடும்னு கணக்குப் போட்டுட்டே இருக்கும், பாவம்.

இவ்ளோ பயந்துட்டு வெளிய வரும்போது மூஞ்சில ஏன் சிரிப்புன்னா, உடம்பு பதறும்போது சுரக்குற அட்ரினலின் சீன் முடிஞ்ச உடனே இறங்கிடாது. ஆபத்து இல்லைன்னு தெரிஞ்சதும் மிச்சமிருக்கிற படபடப்பு அப்படியே சந்தோஷத்துல போய்ச் சேர்ந்துக்கும், டால்ஃப் ஸில்மன்னு ஒரு ஆய்வாளர் 1971-லயே இதைப் பத்தி எழுதிட்டாரு. வெளிய வந்து ஃப்ரெண்டு தோள்ல ஓங்கித் தட்டி "என்னடா படம் இது"ன்னு கத்துறோமே, அதுல பாதி ஜோக்கர் குடுத்த பதட்டம்தான்.

கடைசில கட்டடத்து மேல பேட்மேன்கிட்டயும் அவன் ஆரம்பிப்பான், இந்தத் தழும்பு எப்படி வந்துச்சு தெரியுமான்னு. சொல்ல விடாம பேட்மேன் கைல இருக்கிற கத்திகளை அவன் மேல பாய்ச்சி விட்டுருவாரு. அந்த மூணாவது கதை என்னவா இருந்திருக்கும்னு நானும் என் ஃப்ரெண்டும் இன்னிக்கி வரைக்கும் சண்டை போட்டுட்டு இருக்கோம்.